கேட்பதற்கு ஆள் வேண்டும்

மக்கள் பணமும் மருத்துவ ஆராய்ச்சியும் – அத்தியாயம் 6

1943-ஆம் ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் நிர்வாகி கிளாரன்ஸ் குக் லிட்டிலைப் பார்க்க மேரி லாஸ்கர் என்ற பெண்மணி வந்தார். சங்கம் தொடங்கி அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. விழிப்புணர்வுத் துண்டறிக்கைகள் அச்சிடுவது, மருத்துவர்களுக்குக் கூட்டம் நடத்துவது என்று ஒழுங்காக இயங்கிவந்தது. ஆராய்ச்சிக்காக ஆண்டுதோறும் எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று மேரி கேட்டார். ஒன்றுமே செலவிடுவதில்லை என்று பதில் வந்தது.

அந்த ஒரு பதிலிலிருந்து அடுத்த முப்பது ஆண்டு அமெரிக்க மருத்துவ அரசியல் எப்படி மாறியது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சென்ற வாரம் படித்தோம். அமெரிக்க அரசு ஒரு குறிப்பிட்ட நோய்க்கென்று தனி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது அதுதான் முதல்முறை. அந்தத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குச் சட்டம் வகுத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 7 லட்சம் டாலர். பிறகு உலகப் போர் வந்தது. அரசின் கவனமும் கருவூலமும் போர்முனைக்குத் திரும்பின. புற்றுநோய் என்ற சொல்லை வீட்டுக்கு வெளியே உரக்கச் சொல்லவே மக்கள் கூசிய காலம் அது. நோயாளியிடம் மருத்துவர் மறைப்பார். இறந்தவரின் செய்தியில் குடும்பத்தார் மறைப்பார்கள். பெயர் சொல்லத் தயங்கும் ஒரு நோய்க்காக எந்த அரசியல்வாதி பணம் ஒதுக்குவார்?

மேரி வுட்டர்ட் 1900-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற சிற்றூரில் ஒரு வங்கியாளரின் மகளாகப் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோது, வீட்டுக்குத் துணி வெளுத்துக் கொடுத்துவந்த பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. நலம் விசாரிக்கப் போன அம்மா மகளையும் கூட்டிப் போனார். மார்பகங்கள் அகற்றப்பட்டு, தன் பிள்ளைகள் சூழப் படுத்துக் கிடந்த அந்தப் பெண்ணைப் பார்த்ததைப் பிற்காலத்தில் மேரி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இப்படி ஒரு வேதனையை எல்லோரும் விதியென்று ஏற்றுக்கொள்கிறார்களே என்ற ஆத்திரம் அன்று மனத்தில் விழுந்தது, கடைசிவரை ஆறவில்லை.

அவர் மருத்துவம் படித்தவரில்லை. ராட்கிளிஃப் கல்லூரியில் கலை வரலாறு படித்தார். நியூயார்க்கில் ஓவியக் கூடம் ஒன்றில் பணியாற்றினார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வீட்டிலேயே உடை தைத்துக்கொள்ளும் பெண்களுக்கான மலிவு விலைத் தையல் மாதிரிகளை விற்கும் தொழில் தொடங்கி வெற்றி கண்டார். சாதாரணப் பெண்களுக்கு எது தேவை, அதை எப்படிச் சொன்னால் அவர்கள் காதில் விழும் என்ற அறிவு அந்தத் தொழிலில் கிடைத்தது.

1940-இல் அவர் ஆல்பர்ட் லாஸ்கரை மணந்தார். லார்ட் அண்ட் தாமஸ் என்ற பெரும் விளம்பர நிறுவனத்தின் உரிமையாளர் ஆல்பர்ட். நவீன அமெரிக்க விளம்பரத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டைப் பெண்களிடம் கொண்டுசேர்த்த விளம்பரங்களில் அவருடைய நிறுவனத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்திய ஆய்வுகள் 1950-இல்தான் வெளிவந்தன. ஒரு தலைமுறையைப் புகைக்கப் பழக்கிய அதே விளம்பரத் திறமை, அந்தத் தலைமுறையைத் தாக்கிய நோயை எதிர்க்கவும் பயன்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோய்களுக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் என்று மேரி சொன்னபோது, ஆல்பர்ட் தந்த அறிவுரை தொழில் தெரிந்தவரின் அறிவுரை. தனியார் நன்கொடை எவ்வளவு திரட்டினாலும் போதாது, இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பணம் அரசாங்கத்திடம்தான் இருக்கிறது, அதை வாங்கும் வழியை நான் காட்டுகிறேன் என்றார் அவர். 1942-இல் இருவரும் தங்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அந்த அறக்கட்டளை சில ஆண்டுகளில் தொடங்கிய லாஸ்கர் விருதுகள், இன்று மருத்துவ அறிவியலில் நோபலுக்கு அடுத்த மதிப்போடு பேசப்படுகின்றன.

முதலில் அவர்கள் புற்றுநோய்ச் சங்கத்தையே மாற்றி அமைத்தார்கள். மேரியின் முயற்சியால் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் புற்றுநோய் பற்றிய கட்டுரைகள் வந்தன. வாசகர்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 1944-இல் 8 லட்சத்துச் சொச்சம் டாலர் திரட்டிய சங்கம், மறு ஆண்டு 40 லட்சத்துக்கு மேல் திரட்டியது. வரும் பணத்தில் கால் பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது லாஸ்கர் தம்பதியரின் நிபந்தனை. சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆனால் ஆல்பர்ட் சொன்னது சரிதான். ஓர் ஆய்வுக்கூடம் கட்டுவதற்கும், நூற்றுக்கணக்கான இளம் ஆய்வாளர்களுக்குப் பத்து ஆண்டு சம்பளம் கொடுப்பதற்கும் நன்கொடை உண்டியல் போதாது. கணவனும் மனைவியும் வாஷிங்டன் பக்கம் திரும்பினார்கள்.

போர் முடிந்த நேரம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. போர்க்காலத்தில் அரசு முதன்முறையாகப் பல்கலைக்கழகங்களோடு பெருமளவில் மருத்துவ ஆராய்ச்சி ஒப்பந்தங்கள் செய்திருந்தது. பெனிசிலின் பெருமளவில் உற்பத்தியானது அந்த ஏற்பாட்டின் துணையோடுதான். பணமும் திட்டமும் சேர்ந்தால் மருந்து விரைவாக வரும் என்பதை மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். போர் முடிந்ததும் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் பொது சுகாதாரத் துறையிடம் வந்தன. நாடு முழுவதும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அரசு மானியம் தரும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. அன்று என்.ஐ.எச். என்ற தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆண்டு நிதி 30 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை.

மேரிக்கு அப்போது ஒரு துணை கிடைத்தார். ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற அவருடைய தோழி ஃபுளோரிடாவில் பத்திரிகை அதிபர் ஒருவரின் மனைவி. தொகுதிப் பத்திரிகையின் தயவு எந்த அரசியல்வாதிக்கும் தேவை என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். ஃபுளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர் அவர்களுடைய முதல் நண்பர். 1946-இல் மனநலச் சட்டம் வந்தது. 1948-இல் தேசிய இருதயச் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஒருமையில் இருந்த தேசிய சுகாதார நிறுவனம் அன்று பன்மையாக, 'நிறுவனங்கள்' ஆனது. 1950-இல் நரம்பு நோய்களுக்கு ஒன்று, மூட்டுவாத நோய்களுக்கு ஒன்று என்று வரிசை நீண்டது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நோயின் பெயர் வைக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். உயிர்வேதியியல் ஆய்வுக்கு நிதி கேட்டால் எந்த உறுப்பினரும் திரும்பிப் பார்க்க மாட்டார். இருதய நோய்க்கு என்று கேட்டால், மாரடைப்பில் அப்பாவை இழந்த ஒருவராவது அந்தச் சபையில் இருப்பார்.

*

1950-களில் இந்த நிதி எப்படிப் பெருகியது என்பது ஒரு பட்ஜெட் நடைமுறையின் கதை. பாடப்புத்தகங்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. மக்களாட்சியில் பொதுக் காரியத்துக்குப் பணம் வாங்க நினைக்கும் எவரும் அறிய வேண்டிய கதை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பட்ஜெட்டை அதிபர் முன்மொழிவார். ஆனால் பணத்தை ஒதுக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு. அதிலும் உண்மையான முடிவு, சில உறுப்பினர்கள் மட்டுமே இருக்கும் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில்தான் எடுக்கப்படும். பிரதிநிதிகள் சபையில் சுகாதாரத்துக்கான துணைக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஜான் ஃபோகார்ட்டி. கல்லூரிக்குப் போகாதவர், செங்கல் கட்டும் கொத்தனாராக வாழ்வைத் தொடங்கியவர். செனட்டில் அதே பொறுப்பில் இருந்தவர் அலபாமாவின் லிஸ்டர் ஹில். அவருடைய தந்தை அறுவை மருத்துவர். கிருமிநீக்க அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஜோசப் லிஸ்டரின் பெயரை மகனுக்கு வைத்திருந்தார்.

ஆண்டுதோறும் அதிபரின் பட்ஜெட் என்.ஐ.எச்.சுக்கு ஒரு தொகையைக் குறிக்கும். துணைக்குழு விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் ஃபோகார்ட்டி கேட்பார்: பட்ஜெட் அலுவலகம் வெட்டுவதற்கு முன்னால் நீங்கள் கேட்ட தொகை எவ்வளவு? நல்ல முறையில் செலவிடக்கூடிய தொகை எவ்வளவு? கேட்ட பிறகு பதில் சொல்வது அதிகாரியின் கடமை. அடுத்து, நாட்டின் பெயர்பெற்ற மருத்துவர்கள் வெளிச்சாட்சிகளாக வந்து அமர்வார்கள். இருதய அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கி, குழந்தை நோயியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் போன்றவர்கள். யாரை அழைப்பது, எந்த எண்ணை முன்வைப்பது என்பதில் மேரியின் கை இருக்கும். பிரதிநிதிகள் சபை அதிபரின் தொகையைக் கூட்டும். செனட் அதையும் தாண்டும். இரு சபைகளும் சமரசம் செய்யும்போது, முடிவில் வரும் தொகை அதிபர் கேட்டதைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும்.

குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர் காலத்திலும் இது நடந்தது, ஜனநாயகக் கட்சி அதிபர் கென்னடி காலத்திலும் நடந்தது. 30 லட்சத்தை எட்டாதிருந்த நிதி, இருபதே ஆண்டுகளில் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆராய்ச்சிக்குச் செலவு அதிகம் என்று சொல்பவர்களிடம், நோய்க்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று மேரி சொல்வது வழக்கம். மாரடைப்பையும் புற்றுநோயையும் தாம் பாவத்தை எதிர்ப்பதுபோல் எதிர்ப்பதாகவும் சொல்வார். அதை வெறும் பேச்சாக அவர் விடவில்லை. எந்த உறுப்பினரின் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அறிந்துவைத்திருப்பார். நல்ல மருத்துவரிடம் அனுப்பி உதவுவார். தேர்தல் நிதியும் தருவார். ஆல்பர்ட் 1952-இல் குடல் புற்றுநோயால் இறந்த பிறகு, இந்த வேலையே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது.

*

சிட்னி ஃபார்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் பிரிவில் பணியாற்றிய ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில் இறப்பதைப் பார்த்துவந்தார். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அந்த நோய் தீவிரமடைவதுபோல் அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் ஒரு பொருள் நோயையும் தடுக்கலாம் அல்லவா? அந்தத் தடுப்பான்கள் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில், லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தன. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டும் பெற்றவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பயிற்றுவித்துவிட்டு பாஸ்டனுக்குக் கப்பலேறியவர். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைத் தேடத் தொடங்கியது ரத்தசோகை போன்ற குறைபாடுகளுக்கு மருந்து காண்பதற்காக. புற்றுநோய் அந்தத் தேடலின் இலக்காக இருக்கவில்லை.

1947 இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரின் மருந்தைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூன் மாதம் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை 16 குழந்தைகளைப் பற்றிப் பேசியது. அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து பின்வாங்கச் செய்ய முடியும் என்பதை உலகம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் இறந்துவிட்டார். அந்த மருந்தின் உறவான மெதோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றிவருகிறது.

இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து இரண்டு பாடங்களை எடுக்கலாம். புற்றுநோய் எப்படித் தோன்றுகிறது என்று முழுதாக அறிவதற்குள்ளேயே மருந்து கண்டுபிடிக்க முடியும், ஆகவே காத்திருக்காதீர்கள் என்பது ஒரு பாடம். ஃபார்பரும் மேரியும் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேறெதையோ தேடிய ஓர் ஆய்விலிருந்துதான் மருந்து வந்தது, ஆகவே இலக்கை முன்கூட்டியே குறித்துவைத்து ஆராய்ச்சியை நடத்தாதீர்கள் என்பது இன்னொரு பாடம். பல அறிவியலாளர்கள் எடுத்துக்கொண்டது இதை. 1971-இல் இந்த இரண்டும்தான் காங்கிரஸில் மோதின.

1955 முதல் 1968 வரை என்.ஐ.எச்.சின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஷானன், நோய்களின் பெயரால் வந்த பணத்தில் அடிப்படை அறிவியலையும் வளர்த்தார். 1961-இல் மார்ஷல் நிரன்பர்க் மரபணுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்தது, மூட்டுவாதத்தின் பெயர் தாங்கிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில்தான். ஏழு ஆண்டுகளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிகளுக்குச் சீக்கிரம் பலன் வேண்டும் என்று மேரி அழுத்தினார். அறிவு முதிராமல் பலன் வராது என்று ஷானன் எதிர் நின்றார். இருவருக்கும் உரசல் இருந்தது. ஆனால் மேரி கொண்டுவந்த பணம் இல்லாமல் ஷானன் அந்த ஆய்வகங்களை வளர்த்திருக்க முடியாது.

*

1960-களின் இறுதியில் இந்த ஏற்பாடு குலைந்தது. 1967 ஜனவரியில் ஃபோகார்ட்டி தம் அலுவலகத்தில் மாரடைப்பால் இறந்தார். எந்த நோய்க்காக ஆண்டுதோறும் நிதி வாங்கித் தந்தாரோ, அதே நோய். 1968-இல் ஷானன் ஓய்வு பெற்றார். 1969 ஜனவரியில் ஹில் செனட்டிலிருந்து விலகினார். அதே மாதம் மேரியின் நண்பரான அதிபர் ஜான்சனும் பதவி நீங்கினார். வியட்நாம் போர் கருவூலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. என்.ஐ.எச்.சின் நிதி உயர்வது நின்றது. இருபது ஆண்டுகளாகக் கட்டிய நட்புகள் இரண்டே ஆண்டுகளில் இல்லாமல் போயின.

மேரிக்கு அப்போது 68 வயது. துணைக்குழு அறைகளில் நண்பர்கள் இல்லாதபோது, அவர் நேராக மக்களிடம் போனார்.

1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்தான். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. புற்றுநோயை உங்களால் குணமாக்க முடியும் என்று அதிபர் நிக்சனைப் பெயர் சொல்லி அழைத்தது அது. வெளியிட்டது, மேரியின் முயற்சியில் உருவான குடிமக்கள் குழு. ஓர் அதிபர் உறுதியெடுத்ததால் நிலவுக்குப் போக முடிந்ததென்றால், இன்னோர் அதிபர் உறுதியெடுத்தால் இதுவும் முடியும் என்ற எண்ணம் அன்றைய அமெரிக்காவில் ஆழமாக வேர்விட்டது.

1970-இல் டெக்சாஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ, மேரியின் தூண்டுதலில் ஆலோசகர் குழு ஒன்றை அமைத்தார். முதலீட்டாளரும் குடியரசுக் கட்சிக்காரருமான பென்னோ ஷ்மிட் தலைவர், ஃபார்பர் இணைத் தலைவர். நிக்சனின் நெருங்கிய நண்பரான தொழிலதிபர் எல்மர் பாப்ஸ்டும் உறுப்பினர். மருத்துவர்களும் செல்வந்தர்களும் இரு கட்சிக்காரர்களும் கலந்திருந்த அந்தக் குழுவின் அறிக்கை அவ்வாண்டு இறுதியில் வந்தது. புற்றுநோய்க்கென்று தனி அதிகார அமைப்பு வேண்டும், அது என்.ஐ.எச்.சிலிருந்து விலகி நேரடியாக அதிபருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் மையப் பரிந்துரை. நிலவுப் பயணத்துக்கு நாசா இருந்ததுபோல.

யார்பரோ அதற்குள் தம் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றிருந்தார். செனட்டர் எட்வர்ட் கென்னடி மசோதாவைக் கையில் எடுத்தார். கென்னடி என்ற பெயர் நிக்சனுக்கு உகந்ததல்ல. அடுத்த தேர்தலில் தம்மை எதிர்த்து நிற்கக்கூடியவர் என்று அவர் கணித்திருந்தார். 1971 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கூடுதலாக 10 கோடி டாலர் கேட்பதாக நிக்சனே அறிவித்தார். கடைசியில் மசோதா குடியரசுக் கட்சிச் செனட்டர் ஒருவரின் பெயரில் வர கென்னடி இசைந்தார். காரியம் நடக்கப் பெயரை விட்டுக்கொடுத்த அந்தச் செயலுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

அறிவியலாளர்களின் எதிர்ப்பு அப்போது வலுத்தது. என்.ஐ.எச்.சைப் பிளந்தால் நாளை இருதயத்துக்கு ஒரு தனி அமைப்பு, நீரிழிவுக்கு ஒன்று என்று எல்லாம் உடையும் என்று அவர்கள் அஞ்சினார்கள். நிலவுப் பயணத்துக்குத் தேவையான இயற்பியல் விதிகள் முன்பே தெரிந்திருந்தன, புற்றுநோயின் விதிகள் இன்னும் தெரியவில்லை என்பது அவர்களுடைய வாதத்தின் உயிர். ஈர்ப்பு விதிகளை அறியாமல் நிலவில் இறங்க முயல்வதற்கு ஒப்பானது இது என்று சோல் ஸ்பீகல்மன் என்ற உயிரியலாளர் சொன்னார்.

மேரி இன்னொரு கதவைத் தட்டினார். ஆன் லாண்டர்ஸ் என்ற பெயரில் வாசகர்களின் குடும்பச் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்லி எழுதிவந்த பத்தி எழுத்தாளர் அவருடைய தோழி. நாடெங்கும் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் வெளியாகும் பத்தி அது. 1971 ஏப்ரல் 20 அன்று அவர் வழக்கமான கேள்வி பதிலை விட்டுவிட்டுப் புற்றுநோய் மசோதாவைப் பற்றி எழுதினார். இந்தப் பத்தியை வெட்டி உங்கள் செனட்டருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. செனட்டர்களின் அலுவலகங்கள் கடிதங்களைப் பிரிக்கவே திணறின. தங்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றி வெளியே பேசாதிருந்த மக்கள், இப்போது பெயரும் முகவரியும் போட்டு அரசுக்கு எழுதினார்கள். மேரி முப்பது ஆண்டுகளில் சாதித்தவற்றில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

ஜூலை மாதம் செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 79, எதிர்ப்பு 1.

அந்த ஒற்றை எதிர் வாக்கு கேலார்ட் நெல்சனுடையது. மேரி பிறந்த விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர், புவி நாளைத் தொடங்கியவர். புற்றுநோய்க்குப் பணம் தருவதை அவர் எதிர்க்கவில்லை. என்.ஐ.எச்.சைப் பிளப்பதைத்தான் எதிர்த்தார். லட்சக்கணக்கான கடிதங்கள் ஒரு பக்கம் குவிந்திருக்கும்போது, புற்றுநோயை எதிர்க்கும் மசோதாவுக்கு வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் தனியாக நின்றது வீண்போகவில்லை. மசோதா பிரதிநிதிகள் சபைக்குப் போனபோது, சுகாதாரத் துணைக்குழுத் தலைவர் பால் ராஜர்ஸ் அவசரப்பட மறுத்தார். வாரக்கணக்கில் விசாரணை நடத்தி, செனட்டில் சரியாகக் கேட்கப்படாத அறிவியலாளர்களையும் மருத்துவக் கல்லூரித் தலைவர்களையும் அழைத்துக் கேட்டார். மசோதாவின் ஆதரவாளர்கள் துணைக்குழு உறுப்பினர்களின் சொந்தத் தொகுதிப் பத்திரிகைகளிலேயே விளம்பரம் கொடுத்து அழுத்தம் தந்தார்கள். ராஜர்ஸ் அசையவில்லை. நவம்பரில் அவருடைய மாற்று மசோதா பெரும் ஆதரவோடு நிறைவேறியது. இரு சபைகளும் சமரசம் கண்டன.

1971 டிசம்பர் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் இரு தரப்பின் கையெழுத்தும் இருப்பதைப் பார்க்கலாம். புற்றுநோய் நிறுவனம் என்.ஐ.எச்.சுக்குள்ளேயே நீடித்தது. அது அறிவியலாளர்கள் பெற்ற வெற்றி. ஆனால் அதன் இயக்குநரை அதிபரே நியமிப்பார், அதன் பட்ஜெட் கோரிக்கை இடையில் யாரும் வெட்டாமல் நேராக அதிபரிடம் போகும், மூவர் கொண்ட ஒரு குழு பணியைக் கண்காணித்து அதிபருக்கு அறிக்கை தரும். இவை மேரி தரப்பு பெற்றவை. மூன்று ஆண்டுகளுக்கு 159 கோடி டாலர் வரை செலவிட அனுமதி கிடைத்தது. 1971-இல் சுமார் 23 கோடி டாலராக இருந்த நிறுவனத்தின் ஆண்டு நிதி, ஐந்தே ஆண்டுகளில் மும்மடங்குக்கு மேல் பெருகியது.

*

பணம் வந்தது. குணம் வந்ததா?

அமெரிக்கா சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடும் 1976-க்குள் புற்றுநோயை வென்றுவிடலாம் என்று பிரச்சாரத்தின்போது நம்பிக்கை ஊட்டப்பட்டிருந்தது. 1976 வந்தது, நோய் போகவில்லை. ஃபார்பர் 1973-லேயே காலமானார். 1986-இல் ஜான் பெய்லர் என்ற புள்ளியியலாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட கட்டுரை, இறப்பு விகிதம் குறையவில்லை என்று எண்களால் காட்டியது. வரி கொடுத்த மக்கள் ஏமாற்றமடைந்தார்கள். பெரிய வாக்குறுதி கொடுத்துப் பணம் கேட்பவர்கள் பின்னால் இந்த விலையைக் கொடுக்க நேரிடும். நோயாளிகளுக்காக வாதாடுபவர்களுக்கு ஆத்திரப்பட உரிமை உண்டு. நாள் குறிக்க உரிமை இல்லை.

ஆனால் அதே பணம் வேறு திசையில் விளைந்தது. 1976-இல் மைக்கேல் பிஷப்பும் ஹெரால்ட் வார்மஸும், புற்றுநோயைத் தூண்டும் மரபணு வைரஸிலிருந்து வந்ததல்ல, ஆரோக்கியமான செல்லிலேயே இருக்கும் ஒரு மரபணுவின் திரிந்த வடிவம் அது என்று கண்டார்கள். 1971-இல் யாருக்கும் தெரியாதிருந்த விதிகளில் ஒன்று இது. இன்றைய இலக்கு மருந்துகள் அந்த அறிவின் மேல் எழுந்தவை. 1991-இல் உச்சத்தைத் தொட்ட அமெரிக்கப் புற்றுநோய் இறப்பு விகிதம் பிறகு இறங்கத் தொடங்கி, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புகைப்பழக்கம் குறைந்தது, நோயை முன்கூட்டியே கண்டறிந்தது, சிகிச்சை மேம்பட்டது எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. ஃபார்பரின் காலத்தில் வாரங்களில் இறந்த குழந்தைகளில், இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

மேரி சரியா, நெல்சன் சரியா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. எவ்வளவு பணம், எவ்வளவு அவசரம் என்பதில் மேரி சரி. அந்தப் பணத்தை யார், எப்படி வழிநடத்துவது என்பதில் நெல்சனும் ராஜர்ஸும் சரி. மேரி கேட்காமல் இருந்திருந்தால் அறிவியலாளர்கள் வழிநடத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது. அவர்கள் எதிர்க்காமல் இருந்திருந்தால், பிஷப்பும் வார்மஸும் செய்தது போன்ற ஆய்வுகளுக்கு இடமில்லாமல் போயிருக்கும். இரண்டு குரலும் ஒரே அறையில் பதிவாகி, இரண்டுக்கும் சட்டம் இடம் கொடுத்ததால்தான் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைத்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்பவரைத் தடுத்துக் கேள்வி கேட்கவும் ஆள் வேண்டும்.

மேரி லாஸ்கர் 1994 வரை வாழ்ந்தார். ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகளில் கேட்பவர்களே மாறிவிட்டார்கள். 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நிமோனியாவைப் பற்றி ஓர் அரசு வார இதழ் சிறு குறிப்பு வெளியிட்டது. அந்த நோயாளிகளுக்காகப் பேச வாஷிங்டனில் செல்வந்தத் தோழிகள் யாரும் இல்லை. சாகும் தறுவாயில் இருந்தவர்களே தெருவுக்கு வந்தார்கள், என்.ஐ.எச். வளாகத்துக்குள் நுழைந்து முழக்கமிட்டார்கள், ஆய்வின் விதிகளையே படித்துத் தெரிந்துகொண்டு அறிவியலாளர்களோடு ஒரே மேசையில் அமர இடம் கேட்டார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் மருத்துவ ஆராய்ச்சியின் சட்டதிட்டங்களை மாற்றிய கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)